பைபாஸா, ஸ்டென்டா? திரட்டிய ஆய்வுகளைப் படிக்கும்போது செய்யும் தவறுகள்

"இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு பைபாஸ் அறுவையும் ஸ்டென்டும் ஒன்றுதான், ஆய்விலேயே சொல்லிவிட்டார்கள்" என்று யாராவது சொன்னால், எந்த நோயாளிகளை வைத்துச் சொன்னார்கள் என்று கேளுங்கள்.

2018இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, பைபாஸையும் ஸ்டென்டையும் ஒப்பிட்ட 11 ஆய்வுகளிலிருந்து 11,518 பேரின் தரவுகளை ஆள்வாரியாகத் திரட்டியது. ஐந்தாண்டுகளில் இறந்தவர்கள் ஸ்டென்ட் வைத்தவர்களில் 11.2%, பைபாஸ் செய்தவர்களில் 9.2%. இந்தச் சராசரியோடு நின்றுவிடுவதுதான் பெரிய தவறு. பல ரத்தக்குழாய்களில் அடைப்புள்ளவர்களில் சர்க்கரை நோயாளிகளை மட்டும் பார்த்தால் 15.5%, 10.0%. சர்க்கரை இல்லாதவர்களில் 8.7%, 8.0%, ஏறக்குறைய சமம். இதயத்தின் இடப்பக்கத்துக்கு ரத்தம் தரும் இடது முதன்மைத் தமனியின் அடைப்பிலும் அப்படித்தான்: 10.7%, 10.5%. வீட்டுக்கு வீடு சர்க்கரை நோயாளி இருக்கும் நமக்கு, சராசரியைவிட அந்தப் பிரிப்புதான் முக்கியம்.

இறப்பை மட்டும் பார்ப்பதும் தவறு. இடது முதன்மைத் தமனி அடைப்பு பற்றிய நான்கு ஆய்வுகளின் 4,394 பேரை 2021இல் திரட்டியபோது இறப்பில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. ஆனால் பின்னாளில் தானாக வரும் மாரடைப்பு ஸ்டென்டில் 6.2%, பைபாஸில் 2.6%. மீண்டும் அடைப்பை நீக்க வேண்டிவந்தது 18.3%, 10.7%.

சிகிச்சையை ஒட்டி வரும் மாரடைப்போ, வரையறையை மாற்றினால் எண்ணிக்கையே மாறிவிடும். அந்த நான்கில் ஒன்றான எக்ஸெல் ஆய்வைச் சுற்றி 2019இல் எழுந்த சர்ச்சையின் மையம் இதுதான். ஐரோப்பிய இதய-மார்பு அறுவை மருத்துவர் சங்கம், இடது முதன்மைத் தமனி வழிகாட்டுதலுக்குத் தந்திருந்த ஆதரவை விலக்கிக்கொண்டது. எந்த வரையறை என்று பார்க்காமல் மாரடைப்பு எண்களை ஒப்பிடாதீர்கள்.

தரவு நிறைய இருந்தால் உண்மை தானாக வெளிவரும் என்பது இன்னொரு நம்பிக்கை. பைபாஸில் அடைப்பைத் தாண்டி ரத்தம் செல்ல மாற்றுவழியாக இணைக்கும் நெஞ்சுக்கூட்டுத் தமனி ஒன்றுக்குப் பதில் இரண்டையும் பயன்படுத்தினால் ஆயுள் கூடும் என்று, மருத்துவமனைப் பதிவேடுகளைத் திரட்டிய ஆய்வுகள் காட்டின. 3,102 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்த ஆர்ட் ஆய்வில் பத்தாண்டுகளுக்குப் பின்னும் அந்த ஆதாயம் உறுதிப்படவில்லை. திடமான நோயாளிகளுக்கே இரண்டு தமனி தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கலாம். அந்தச் சாய்வு எத்தனை ஆயிரம் பேரைச் சேர்த்தாலும் கரையாது. ஆனால் ஆர்ட்டிலும் இரண்டு என ஒதுக்கப்பட்டவர்களில் சுமார் 14% பேருக்கு ஒன்றே பொருத்தப்பட்டதால், அறுவை மருத்துவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது.

கண்காணித்த காலத்தையும் பாருங்கள். 2018 ஆய்வில் சராசரி 3.8 ஆண்டுகள்தான். ஐம்பது வயதுக்காரர் அதைத் தாண்டிய ஆண்டுகளைப் பற்றித் தம் மருத்துவரிடம் தனியே கேட்க வேண்டும்.