பேட்டரி கொதிக்கும் பழைய மோட்டார்ஹோம்: ரெகுலேட்டரை வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

1970-களில் டாட்ஜ் சேஸி மேல் கட்டிய வின்னபேகோ போன்ற அமெரிக்க மோட்டார்ஹோம்களில் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டிகள்) அடிக்கடி தலைகாட்டும் தொல்லை ஓவர்சார்ஜிங், அதாவது பேட்டரிக்கு அளவுக்கு மேல் சார்ஜ் ஏறுவது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஹெட்லைட் பளிச்சென்று ஏறும், பல்புகள் அடுத்தடுத்துப் போகும், பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்வது ஆல்டர்னேட்டர், அதன் வோல்டேஜைக் கட்டுப்படுத்துவது ரெகுலேட்டர். உடனே ரெகுலேட்டரை மாற்றிவிடுகிறார்கள். பல வண்டிகளில் அதன் மேல் குற்றமே இருக்காது.

இந்த ரெகுலேட்டருக்கு பேட்டரியிலிருந்து நேரடி வயர் கிடையாது. இக்னிஷன் சுவிட்ச் வழியாக வரும் நீல வயரில் என்ன வோல்டேஜ் தெரிகிறதோ, அதையே பேட்டரியின் வோல்டேஜ் என்று நம்புகிறது. வழியில் 1 வோல்ட் தொலைந்தால், அந்த 1 வோல்ட்டையும் சேர்த்து ஏற்றிவிடும்.

முதலில் ஹேண்ட்பிரேக், சக்கரத்துக்குக் கட்டை. வண்டி திறந்த வெளியில் நிற்கட்டும். மோதிரம், வாட்சைக் கழற்றி, பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கொதிக்கும் பேட்டரி ஹைட்ரஜன் விடும், பக்கத்தில் நெருப்பு ஆகாது. வெளிக் கரண்ட் இணைப்பையும் பிடுங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கன்வர்ட்டர் (வெளிக் கரண்ட்டால் பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி) செய்யும் தப்புக்கு ஆல்டர்னேட்டர் பழி சுமக்கும்.

அடுத்து, மல்டிமீட்டருக்குப் புது பேட்டரி போடுங்கள். மீட்டரின் சொந்த பேட்டரி இறங்கியிருந்தால் அளவைக் கூட்டிக் காட்டும். இல்லாத நோய்க்கு வைத்தியம் பார்ப்பீர்கள்.

எஞ்சின் பேட்டரியின் முனைகளிலேயே அளவெடுங்கள். எஞ்சின் ஓடாதபோது 12.6 வோல்ட் அளவில் இருக்கும். ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை சரி, கடும் குளிரில் கொஞ்சம் கூடலாம். 15-ஐத் தாண்டினால் கோளாறுதான். டயோடு ஐசோலேட்டர் (எஞ்சின் பேட்டரியையும் வீட்டுப் பேட்டரியையும் பிரித்து வைக்கும் கருவி) உள்ள வண்டியில் ஆல்டர்னேட்டர் முனையில் சுமார் 0.7 வோல்ட் அதிகம் தெரிவது இயல்பு.

இனி எஞ்சினை நிறுத்தி ரெகுலேட்டர் கனெக்டரைக் கழற்றுங்கள், மறுபடி ஸ்டார்ட் செய்து வேகத்தைக் கூட்டுங்கள். சார்ஜிங் நின்றுவிட்டால் கோளாறு ரெகுலேட்டரிலோ அதற்கு வரும் வயரிலோ. அப்போதும் வோல்டேஜ் ஏறினால், ரெகுலேட்டர் ஆல்டர்னேட்டரைக் கட்டுப்படுத்தும் பச்சை ஃபீல்டு வயர் தோல் உரிந்து பாடியில் தொடுகிறது, அல்லது ஆல்டர்னேட்டருக்குள், சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் பிரஷ் எர்த் ஆகியிருக்கிறது (பாடியோடு ஒட்டிவிட்டது).

இந்த வேலையின் உயிர் அடுத்த அளவில்தான். கனெக்டரை மாட்டி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்யுங்கள். சிவப்பு முனை பேட்டரி பாசிட்டிவில், கறுப்பு முனை கனெக்டரின் பின்பக்கம் நீல வயரில். 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 1 வோல்ட் வந்தால் ஆள் அகப்பட்டான்: எஞ்சின் தடுப்புச் சுவர் கனெக்டர், இக்னிஷன் சுவிட்ச், ஆம்மீட்டர் முனைகள் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பச்சைக் களிம்பு, கருகிய பிளாஸ்டிக் கண்ணில் படும். வேலை முடிந்ததும் இக்னிஷனை ஆஃப் செய்யுங்கள், இல்லாவிட்டால் இக்னிஷன் காயில் (சுருள்) சூடாகும்.

ரெகுலேட்டரின் உலோகக் கூடுதான் அதன் எர்த். எஞ்சின் ஓடும்போது கூட்டுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.1 வோல்ட்டுக்கு மேல் இருந்தால், கழற்றி, அடியிலுள்ள துருவையும் பெயின்ட்டையும் உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள்.

இரண்டும் சரியாக இருந்தும் வோல்டேஜ் இறங்காவிட்டால்தான் புது ரெகுலேட்டர். மாட்டியபின் ஹீட்டர் ஃபேனைப் போட்டும் ஒருமுறை அளவெடுங்கள். லோடு ஏற ஏற வோல்டேஜும் ஏறினால், இக்னிஷன் பக்கம் ஒரு கெட்ட இணைப்பு இன்னும் மிச்சம் இருக்கிறது.