மெம்செட் ஒரு வரிதான்

எஸ்டிஎம்32 என்கிற மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, அதில் ஃப்ரீஆர்டிஓஎஸ் என்கிற குட்டி ஓஎஸ். சென்சார் அளவுகளை எஸ்டி கார்டில் வைக்க எஸ்கியூலைட் என்கிற டேட்டாபேஸை லைப்ரரியாகக் கட்ட இறங்கினேன். லினக்ஸும் இல்லை, விண்டோஸும் இல்லை. அதனால் ‘வேறு ஓஎஸ்’ என்கிற கம்பைல் ஆப்ஷனை 1 ஆக்கினேன். உடனே லிங்கர் (கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் கருவி) கத்தியது, தொடக்க ஃபங்ஷனைக் காணோமாம். அதை நாமே எழுதி, ஃபைலைத் திறக்க, படிக்க, எழுத நம் சொந்த விஎஃப்எஸ்ஸை (எஸ்கியூலைட்டுக்கும் ஓஎஸ்ஸுக்கும் நடுவிலுள்ள அடுக்கு) பதிய வேண்டும். எழுதினேன். முதல் ஓட்டத்திலேயே ஹார்ட் ஃபால்ட், அதாவது பிராசஸரே பிழை என்று நின்றுவிட்டது. டாஸ்க்கின் ஸ்டாக்கை (அதன் தற்காலிக நினைவக இடம்) கூட்டியதும் சரியானது.

நிஜத் தலைவலி அப்புறம்தான். இரண்டு நாள் ஒழுங்காக ஓடிவிட்டு, ஃபைல் கெட்டுவிட்டது என்று 11ஆம் எண் பிழை. கார்டை மாற்றினேன். பவர் சப்ளையைக்கூடச் சந்தேகப்பட்டேன், பாவம் அது. தப்பு என்னுடைய ரீட் ஃபங்ஷனில். 4096 பைட் கேட்டு 1024தான் கிடைத்தால், ‘குறைவாகப் படித்தேன்’ என்ற பிழையைத் திருப்பினால் மட்டும் போதாது. மிச்சம் 3072 பைட்டையும் பூஜ்ஜியத்தால் நிரப்பித் தர வேண்டும். நான் பஃபரில் (படித்த டேட்டா வந்து விழும் நினைவக இடம்) கிடந்த பழைய குப்பையை அப்படியே விட்டிருந்தேன். எஸ்கியூலைட் ஆவணத்தில் இது தெளிவாகவே இருக்கிறது, படிக்காதது நான்தான்.

மிச்ச இடத்தைப் பூஜ்ஜியத்தால் நிரப்ப மெம்செட் ஃபங்ஷன் ஒரு வரி சேர்த்தேன். கூடவே, ஒன்றும் செய்யாமல் ஓகே சொல்லிக்கொண்டிருந்த சிங்க் ஃபங்ஷனையும் கார்டில் உண்மையாகவே எழுத வைத்தேன். டேட்டாபேஸைப் புதிதாக உருவாக்கி ஓடவிட்டதில், ஃபைல் கெட்டிருக்கிறதா என்று பார்க்கும் இன்டெக்ரிட்டி செக் ஓகே என்கிறது.