வீட்டில் மின்சார காருக்குச் சார்ஜ் ஏற்றுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளில் மின்சார கார் வாங்கியவர்கள் பலர் இரவில் வண்டியைப் போர்டிகோவில் நிறுத்தி, சுவரில் ஏற்கெனவே இருக்கும் 15 ஆம்பியர் பாயிண்டில் சார்ஜரைச் செருகிவிட்டு உறங்கச் செல்கிறார்கள். பேட்டரியின் வெப்பநிலையையும் மின்னழுத்தத்தையும் கண்காணிக்கும் கட்டுப்பாட்டு அமைப்பு காருக்குள் இருக்கிறது; காரில் செருகும் பிடியான சார்ஜிங் கன் சரியாகப் பொருந்தினால்தான் மின்சாரம் பாயும்; கோளாறு தெரிந்தால் சார்ஜர் தானாகவே நின்றுவிடும். இத்தனை பாதுகாப்பும் காருக்கும் சார்ஜருக்கும் உரியவை. சுவருக்குள் ஓடும் பழைய வயர், இளகிப்போன சாக்கெட், மண்ணுக்குள் துருப்பிடித்துக் கிடக்கும் எர்த் குழாய் ஆகியவற்றின் நிலையை அவற்றால் முழுமையாக அறிய முடியாது. ஆகவே கவனம் முதலில் செல்ல வேண்டிய இடம் மீட்டருக்கும் காருக்கும் இடைப்பட்ட சில மீட்டர் தூரம்தான்.

காருடன் வரும் கையடக்கச் சார்ஜர் பெரும்பாலும் 3.3 கிலோவாட் அளவுடையது. 230 வோல்ட்டில் அது 14 முதல் 15 ஆம்பியர் வரை இழுக்கும். 30 கிலோவாட் மணி கொள்ளளவுள்ள பேட்டரி காலியாக இருந்தால், நிறைவதற்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். வீட்டில் கீசரும் ஏறக்குறைய இதே மின்னோட்டத்தை எடுக்கிறது என்றாலும், அது கால் மணி நேரத்தில் தானாக அணைந்துவிடுகிறது. ‘கீசர் ஓடுகிற பாயிண்ட்தானே, காருக்கும் போதும்’ என்று முடிவு செய்வது முதல் தவறு. சாக்கெட்டின் உள்ளே பித்தளைப் பற்றுகள் தளர்ந்து, தொடும் இடத்தில் 0.1 ஓம் அளவுக்கு மட்டும் தடை ஏற்பட்டிருந்தாலும், 15 ஆம்பியர் பாயும்போது அந்த ஒரு புள்ளியில் 22 வாட்டுக்கு மேல் வெப்பம் உண்டாகும். 25 வாட் சால்டரிங் அயர்ன் ஒன்றைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து இரவு முழுவதும் எரியவிட்டதற்கு அது சமம். அளவு மீறிய மின்னோட்டத்தில் தானாக அணையும் சுவிட்ச்தான் எம்.சி.பி.; இங்கே மின்னோட்டம் அளவு மீறாததால் அது விழாது. சாக்கெட்டின் முகம் பழுப்பேறும், பிளக் உருகி ஒட்டிக்கொள்ளும், கருகிய மணம் வரும். வீட்டார் உறங்கிக்கொண்டிருந்தால் அதுவும் தெரியாது.

குளச்சல், மணவாளக்குறிச்சி, தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் இந்தச் சிக்கல் இன்னும் விரைவாக வரும். உப்புக்காற்று பித்தளையில் பச்சைக் களிம்பைப் படியச் செய்கிறது. திருகுகள் அரித்துத் தளர்கின்றன. ஆகவே காருக்கென்று தனியாக ஒரு பாயிண்ட் அமைப்பதே சரி. மெயின் போர்டிலிருந்து நேராக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், அதற்கெனத் தனி எம்.சி.பி., ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள புதிய 16 ஆம்பியர் சாக்கெட், அந்த லைனில் வேறு எந்த இணைப்பும் இல்லாமை ஆகிய நான்கும் இருந்தால் பெரும்பகுதி ஆபத்து நீங்கிவிடும். சிறிய பிளக், பெரிய பிளக் இரண்டும் நுழையும்படி துளைகள் அமைந்த பொதுச் சாக்கெட்டுகளை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அவற்றின் பிடி விரைவில் இளகிவிடும். புதிய பாயிண்டில் முதல்முறை சார்ஜ் ஏற்றும்போது, ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கின் வெளிப்புறத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு. கையை வைத்திருக்க முடியாத சூடு இருந்தால் உடனே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். சில கார்களில் மின்னோட்டத்தை 10 ஆம்பியருக்கோ அதற்கும் கீழேயோ குறைத்து வைக்க முடியும். உறவினர் வீட்டில் தங்கும் இரவுகளில் அந்த வசதியைப் பயன்படுத்துவது நல்லது. நேரம் கூடுதலாக ஆனாலும், வெப்பம் மின்னோட்டத்தின் இருமடி வீதத்தில் குறையும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: அது காருக்கு உரியதே அல்ல. ஜன்னல் வழியாக இழுத்துவரப்படும் மெல்லிய வயர், சுருட்டி வைத்த நிலையில் இன்னும் கூடுதலாகச் சூடேறும்.

இனி எர்த். உயிரோடு நேரடியாகத் தொடர்புடையது என்பதால் இதை விரிவாகவே சொல்ல வேண்டும். பல வீடுகளில் புதிய காரை முதல்முறையாகச் செருகியதும் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரியும், சார்ஜ் ஏறாது. எர்த் இல்லை, அல்லது போதிய அளவு இல்லை என்று சார்ஜர் சொல்லும் எச்சரிக்கை அது. அப்போது அவசரத்துக்குச் செய்யப்படும் வேலை ஒன்று உண்டு: சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் (மின்சாரம் திரும்பிச் செல்லும் வயர்) எர்த்தையும் ஒரு சிறு வயரால் இணைத்துவிடுவது. விளக்கு பச்சையாகிவிடும், சார்ஜும் ஏறும். ஆனால் காரின் உலோக உடல் முழுவதும் அந்த நொடி முதல் நியூட்ரலுடன் கட்டப்பட்டுவிடுகிறது. நம் மாவட்டத்தில் வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் தென்னை மரங்களுக்கு இடையேதான் பெரும்பாலும் வருகிறது. ஆடிக்காற்றில் ஒரு மட்டை விழுந்து நியூட்ரல் வயர் மட்டும் அறுந்தால், வீட்டில் எரிந்துகொண்டிருக்கும் விளக்கு, விசிறி வழியாக 230 வோல்ட் அழுத்தம் அந்த நியூட்ரலுக்கும், அங்கிருந்து காரின் கதவுக்கும் வந்து சேரும். பழுதுபார்க்கும்போது மின்சாரம் கொண்டுவரும் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிவிட்டால், கார் நேரடியாகவே ஃபேஸில் நிற்கும். ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று கதவைத் திறப்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். கசியும் மின்னோட்டம் நியூட்ரல் வழியாகவே திரும்பிவிடுவதால், மின்கசிவு தெரிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் அதைக் கசிவாக உணராமல் போகலாம். ஆகவே இந்த இணைப்பை ஒருவர் செய்து தருகிறேன் என்றால், எவ்வளவு அனுபவமுள்ளவராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். எர்த் இருப்பதுபோல் சார்ஜரை ஏமாற்றும் மாற்றுப் பிளக்குகளுக்கும் இதே பதில்தான்.

சரியான வழி, எர்த்தைச் சரிசெய்வதுதான். மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் வெட்டுக்கல் நிலம் அதிகம். கோடையில் அது ஈரத்தை இழந்துவிடும். கடற்கரையில் மணல் விரைவில் காய்ந்துவிடும். குழாயும் கிளாம்பும் உப்பால் அரிக்கப்படும். இருபது ஆண்டுகளுக்கு முன் வீடு கட்டியபோது போட்ட எர்த் இன்றும் வேலை செய்கிறது என்று நம்புவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. எல்.இ.டி. பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே வைத்து, எரிகிறது என்று காட்டினால் அதை ஏற்க வேண்டாம். மிகச் சிறிய மின்னோட்டத்திலேயே எரியும் அந்தப் பல்பு, மோசமான எர்த்திலும் எரியும். எர்த் டெஸ்டர் கருவியால் அளந்து, எத்தனை ஓம் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 5 ஓமுக்குக் கீழே இருப்பது நல்லது. மழைக்காலத்தில் அளந்தால் எண் நன்றாகத்தான் இருக்கும். பங்குனி, சித்திரையில் அளந்த எண்ணே நம்பத்தக்கது. எர்த்துடன் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் கட்டாயம் வேண்டும். அதிலும் ‘ஏ’ வகை என்று கேட்டு வாங்க வேண்டும், ஏனெனில் காரின் மின்னணுச் சாதனங்களிலிருந்து கசியக்கூடிய நேர்மின்னோட்டம் (டி.சி.) பழைய ‘ஏசி’ வகையைச் செயலிழக்கச் செய்யக்கூடும். சார்ஜரிலேயே 6 மில்லி ஆம்பியர் நேர்மின்னோட்டக் கசிவைக் கண்டறியும் வசதி இருக்கிறதா என்பதையும் விற்பனையாளரிடம் கேட்டுவிடுங்கள்.

சுவரில் பொருத்தும் 7.2 கிலோவாட் சார்ஜர் 31 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஒருமுனை இணைப்பு உள்ள வீட்டில், மின்வாரியத்திடம் விண்ணப்பித்து வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மின்சுமையைக் கூட்டாமல் இதைப் பொருத்துவது தவறு. வயர் 6 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. தூரம் அதிகமென்றால் இன்னும் தடிமன் வேண்டும்.

நமக்கு ஆண்டில் இரண்டு பருவமழை. மழையில் சார்ஜ் ஏற்றலாமா என்ற கேள்வி ஜூனிலும் அக்டோபரிலும் எழும். காரின் சார்ஜிங் முனையும் கன்னும் மழையைத் தாங்கும்படிதான் செய்யப்படுகின்றன. தவறு நடப்பது மறுமுனையில்: சாரல் அடிக்கும் சுவரில் மூடியில்லாத சாக்கெட், தண்ணீர் தேங்கும் தரையில் கிடக்கும் சார்ஜர் வயரின் கட்டுப்பாட்டுப் பெட்டி, ஈரக்கையால் பிளக்கைப் பிடுங்குவது. பெட்டியை ஆணியில் தொங்கவிடுங்கள். அதன் எடையைப் பிளக் சுமக்கும்படி விடக் கூடாது. இடி மின்னல் வலுத்தால் எம்.சி.பி.யை அணைத்துப் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

வெள்ளம் வேறு விஷயம். 2021 நவம்பர் மழையில் மாவட்டத்தின் பல தாழ்வான பகுதிகள் நீரில் மூழ்கின. அப்படி வண்டியின் தரை மட்டம் வரை நீர் ஏறியிருந்தால், வடிந்த பிறகு நன்றாக ஓடுகிறதே என்று சார்ஜ் போடுவது மிகப் பெரிய தவறு. குறிப்பாக உப்புநீர் பேட்டரிக்குள் புகுந்தால், அது காய்ந்த பிறகும் உப்புப் படிவம் மின்சாரத்தைக் கடத்தும். நாட்கள், ஏன் வாரங்கள் கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம். 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் புளோரிடாவை இயான் புயல் தாக்கியபோது கடல்நீரில் மூழ்கிய மின்சார கார்கள் சில, நீர் வடிந்த பின்னரே எரிந்தன. முகத்துவாரங்களை ஒட்டி வாழ்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். நீரில் மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், வீட்டை விட்டுத் தள்ளி, திறந்தவெளிக்கு இழுத்துச் செல்லச் சொல்லுங்கள்.

புயலோடு சேர்ந்த இன்னொரு தவறு அண்மையில் வந்தது. சில கார்கள் தம் பேட்டரியிலிருந்து 3 கிலோவாட் அளவுக்கு வெளியே மின்சாரம் தரும் வசதியுடன் வருகின்றன. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வீசியபோது மின்கம்பங்கள் பெருமளவில் சாய்ந்து, பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் இருந்தன. அத்தகைய வேளையில் இந்த வசதி பெரும் உதவி. ஃபிரிட்ஜையோ விளக்கையோ காரிலிருந்து நேரடியாக இணைக்கலாம். ஆனால் இருபுறமும் பிளக் உள்ள வயரைச் செய்து, அதை வீட்டுச் சாக்கெட்டில் செருகி வீடு முழுவதற்கும் மின்சாரம் கொடுக்க முயலக் கூடாது. அந்த மின்சாரம் மீட்டர் வழியாகத் தெருக் கம்பிக்குச் சென்று, டிரான்ஸ்பார்மரில் தலைகீழாக உயர் அழுத்தமாக மாறும். மழையில் கம்பத்தில் ஏறி வேலை செய்துகொண்டிருக்கும் மின்வாரிய ஊழியர், லைன் அணைந்திருக்கிறது என்று நம்பித்தான் கை வைப்பார்.

காருக்குள் சார்ஜ் ஏற்றும் சிறு சாதனங்களுக்கு வருவோம். 12 வோல்ட் சாக்கெட் பல கார்களில் 120 வாட் வரைதான் தாங்கும், மூடியிலேயே எழுதியிருக்கும். 65 வாட் லேப்டாப் சார்ஜருக்கு அது போதும், தண்ணீர் சூடாக்கும் கெட்டிலுக்குப் போதாது. ஃபியூஸ் போய்விட்டால் அதைவிடப் பெரிய ஃபியூஸ் போடுவது, வயரையே ஃபியூஸாக மாற்றுவது போன்றது. டேஷ்கேம் பொருத்தும்போது ஆரஞ்சு நிற உறையுள்ள வயர்கள் இருக்கும் பக்கமே யாரையும் கை வைக்க விடாதீர்கள். அவை பல நூறு வோல்ட் செல்லும் வயர்கள்.

வெயில்தான் இங்கே முதன்மையான எதிரி. கன்னியாகுமரியில் காந்தி மண்டபம் பார்க்க இறங்கியவர்கள் திரும்பிவர இரண்டு மணி நேரமாவது ஆகும். நண்பகலில் மூடிய காரின் டேஷ்போர்டு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். லித்தியம் அயான் செல்களுக்குச் சார்ஜ் ஏற்றுவதற்குப் பொதுவான உச்சவரம்பு 45 டிகிரி. பவர் பேங்கை டேஷ்போர்டில் விட்டுச் செல்வதும், கண்ணாடி வழியே வெயில் விழும் இடத்தில் போனைச் சார்ஜில் போடுவதும் ஆகவே தவறு. வீங்கிய பவர் பேங்கைக் காரில் வைத்திருக்கவே கூடாது. வாங்கும்போது, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வயர்லெஸ் சார்ஜிங் தட்டில் போனுக்கு அடியில் நாணயமோ சாவியோ கிடந்தால், அது சுடும் அளவுக்குச் சூடேறும். காரைத் திறக்கும் அட்டையை அங்கே வைத்தால் அது பழுதாகலாம்.

சார்ஜ் ஏறும்போது கருகிய மணமோ புகையோ வந்தால், சூடான பிளக்கைப் பிடித்து இழுக்காமல் முதலில் மெயின் போர்டில் எம்.சி.பி.யை அணையுங்கள். பேட்டரியிலிருந்து புகை வந்தால் அருகே செல்லாமல் எல்லோரையும் வெளியேற்றி 101 அல்லது 112 எண்ணை அழைத்து, மின்சார கார் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். பேட்டரித் தீக்கு வீட்டில் இருக்கும் சிறு தீயணைப்பான் போதாது; நீண்ட நேரம், பெருமளவு தண்ணீர் வேண்டும். அணைந்த பிறகும் அது மீண்டும் பற்றக்கூடும் என்பதால், அந்த வண்டியை வீட்டிலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் 15 மீட்டராவது தள்ளித் திறந்தவெளியில் நிறுத்த வேண்டும்.