ராம், பிராசசர் வாங்குமுன் கேபினெட்டைத் திறந்து பாருங்கள்

சேலம் அம்மாப்பேட்டையில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்யும் நண்பர், கம்ப்யூட்டர் திணறுகிறது என்று 16 ஜிபி ராம் (மெமரி) வாங்கி வந்தார். வாங்கியது டிடிஆர்5 வகை. அவருடைய மதர்போர்டோ டிடிஆர்4 வகைக்கானது. இரண்டுக்கும் 288 பின்கள்தான், ஆனால் நடுவில் இருக்கும் வெட்டு இடம் மாறியிருக்கும். அதனால் ஸ்லாட்டில் உட்காரவே உட்காராது. பில் போட்ட கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அசெம்பிள்டு கம்ப்யூட்டரில் காசு வீணாவது பெரும்பாலும் இப்படித்தான், ஸ்க்ரூடிரைவரைத் தொடுவதற்கு முன்பே. வேலை மும்முரமாக ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறதா? ராமைக் கூட்டினால் போதும், பிராசசரை விட்டுவிடுங்கள். டிஸ்க் நூறிலேயே நிற்கிறது, உள்ளே பழைய ஹார்டு டிஸ்க் இருக்கிறது என்றால் முதலில் அதைவிட வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போடுங்கள்.

பிராசசர்தான் மாற்ற வேண்டும் என்றால், போர்டில் அச்சிட்டிருக்கும் மாடல் பெயரைக் குறித்துக்கொண்டு, அதைத் தயாரித்த கம்பெனியின் தளத்தில் பிராசசர் பட்டியலைப் பாருங்கள். பிராசசர் உட்காரும் சாக்கெட்டின் பெயரை மட்டும் நம்பாதீர்கள். இன்டெல்லின் 6, 7ஆம் தலைமுறைக்கும் 8, 9ஆம் தலைமுறைக்கும் எல்ஜிஏ 1151 என்ற ஒரே பெயர்தான். ஆனாலும் பழைய போர்டில் புதியது ஓடாது. ஏஎம்டி பி450 போர்டு வைத்திருப்பவர்கள் ரைசன் 5 5600 வரை தாராளமாகப் போகலாம். ஆனால் பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸை, அதாவது போர்டில் இருக்கும் அடிப்படை மென்பொருளை, அப்டேட் செய்துவிட வேண்டும். யுபிஎஸ் இல்லாமல் அதைத் தொடவே தொடாதீர்கள், பாதியில் கரண்ட் போனால் போர்டே போய்விடலாம். இன்னொன்று, 5600இல் கிராபிக்ஸ் கிடையாது, 5600ஜியில் உண்டு. இன்டெல்லில் எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' இருந்தால் கிராபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாதவர்களுக்கு அந்த ஒரு எழுத்து ரொம்ப முக்கியம்.

கழற்றும்போது நடக்கும் தவறு ஒன்றை என் கையாலேயே செய்திருக்கிறேன். ஏற்காட்டில் ஒரு டிசம்பர் காலை, பனி இன்னும் விலகவில்லை. இரவு முழுக்க அணைந்து கிடந்த, ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் உள்ள மெஷினில், பிராசசர் மேல் இருக்கும் கூலரை நேராக மேலே இழுத்தேன். பிராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் குளிரில் இறுகியிருந்தது, விடவில்லை. பூட்டியிருந்த சாக்கெட்டிலிருந்து பிராசசரும் கூலரோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. பிராசசரின் அடியில் ஓரத்து வரிசையில் 4 பின்கள் சாய்ந்திருந்தன. லெட் இல்லாத மைக்ரோ டிப் பென்சிலின் முனையை ஒவ்வொரு பின்னிலும் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன். உடைந்திருந்தால் பிராசசர் குப்பைக்குத்தான். இப்போதெல்லாம் 15 நிமிடம் மெஷினை ஓடவிட்டுச் சூடாக்குவேன். அப்புறம் அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகித்தான் எடுப்பேன். பழைய பேஸ்டைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்தால் போதும். கூலரின் தூசியையும் அப்போதே தட்டிவிடுங்கள், சேலத்துச் சித்திரை வெயிலில் தூசி அடைத்த கூலர் தாங்காது.

ராம் மாட்டுவது சுலபம். 4 ஸ்லாட் இருக்கும் போர்டில் 2 ராம் என்றால், பெரும்பாலும் பிராசசர் பக்கமிருந்து எண்ணி 2, 4ஆம் ஸ்லாட். பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் டூயல் சேனல், அதாவது இரண்டு ராமும் சேர்ந்து ஓடும் வேகம், கிடைக்காது. இரண்டும் ஒரே ஜோடியாக வாங்கியதாக இருந்தால் நல்லது.

நண்பர் பிறகு வாங்கிய டிடிஆர்4 ராமில் வேகம் 3200 என்று ஒட்டியிருந்தது, டாஸ்க் மேனேஜரில் 2400தான் காட்டியது. பயாஸுக்குள் போய், ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி அமைப்பை ஆன் செய்த பிறகுதான் 3200 வந்தது.