டர்பனில் ஒரு பழைய ஒற்றை இன்ஜின் விமானம்: வாங்குவதும் பேணுவதும் பறப்பதும்

நேட்டால் கடற்கரையில் வாழும் நம்மவர்களில் தனியார் விமானி உரிமம் பெற்றவர்கள், சில காலம் வாடகை விமானத்தில் பறந்த பிறகு, சொந்தமாக ஒன்று வாங்கலாமா என்று எண்ணத் தொடங்குகிறார்கள். நடுத்தர வருமானத்துக்கு எட்டுவது பெரும்பாலும் 1960களிலோ 1970களிலோ செய்யப்பட்ட செஸ்னா 172 அல்லது பைப்பர் செரோக்கியாகத்தான் இருக்கும். இவை நல்ல விமானங்கள். வயது மட்டுமே ஒரு குறையாகாது. ஆனால் டர்பனில் வைத்துப் பறப்பவருக்கு இரண்டு விஷயங்கள் ஓயாத கவலையாக இருக்க வேண்டும். நிற்கும் விமானத்தை உப்புக்காற்று அரிக்கிறது என்பது ஒன்று. உள்நாட்டை நோக்கிய பயணம் கடல் மட்டத்தில் தொடங்கி ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட மேட்டுநிலத்தில் முடிகிறது என்பது மற்றொன்று. கீழே சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி இவ்விரண்டிலிருந்தே பிறக்கிறது.

வாங்குமுன்

விமானத்தைப் பார்க்கப் போவதற்கு முன் அதன் பதிவேடுகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். புதிய பெயின்டும் புதிய இருக்கை உறையும் ஒரு மாதத்தில் செய்து முடிக்கக்கூடியவை. நாற்பது ஆண்டுப் பராமரிப்பை அப்படிச் செய்ய முடியாது. விமான உடல், இன்ஜின், புரொப்பெல்லர் ஆகிய மூன்றுக்கும் தொடர்ச்சியான பதிவு இருக்கிறதா, உற்பத்தியாளரும் அரசும் கட்டாயமாக்கிய பரிசோதனைகள் ஒவ்வொன்றும் நாளும் கையொப்பமும் இட்டு எழுதப்பட்டிருக்கின்றனவா, விமானம் எந்த ஊரில் எத்தனை ஆண்டுகள் நின்றது என்பவற்றைப் பாருங்கள். ஜோஹன்னஸ்பர்க்கின் வறண்ட காற்றில், கூரையின் கீழ் இருந்த விமானமும் கடலோரத்தில் திறந்த வெளியில் கட்டிவைக்கப்பட்ட விமானமும் ஒரே ஆண்டில் பிறந்தவையாக இருந்தாலும் ஒரே விலைக்கு உரியவை அல்ல.

பதிவேட்டில் என்னை மிகவும் எச்சரிக்கை கொள்ளச் செய்வது, அதிகம் பறந்த மணிக்கணக்கு அன்று, பறக்காத ஆண்டுகளே. இவ்வகை விமானங்கள் பலவற்றில் உள்ள லைக்காமிங் இன்ஜினில், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட், புரொப்பெல்லரைச் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டுக்கு மேலே அமைந்திருக்கிறது. இன்ஜின் ஓடாமல் நின்றால் எண்ணெய் வடிந்து கீழே இறங்கிவிடும். மேலே இருக்கும் கேம் காய்ந்து, ஈரக்காற்றில் துருப்பிடிக்கும். அந்தத் துரு பின்னர் கேமையும் அதன் டேப்பெட்டுகளையும் தேய்த்து, உலோகத் துகளாக எண்ணெய் வடிகட்டியில் வந்து சேரும். அப்போது இன்ஜினையே பிரிக்க வேண்டியிருக்கும். லைக்காமிங் ஓ-320 இன்ஜினை முழுமையாகப் பிரித்துச் சீரமைக்க உற்பத்தியாளர் பரிந்துரைக்கும் எல்லை 2000 மணி நேரம் அல்லது 12 ஆண்டுகள். எண்ணூறு மணி நேரம் மட்டுமே ஓடியிருக்கிறது என்று விற்பவர் பெருமையாகச் சொல்லும் இன்ஜின் இருபது ஆண்டுகளாக அந்த எண்ணூறை ஓட்டியிருந்தால், அதை ஆயுள் முடிந்த இன்ஜினாகவே கருதி விலை பேசுங்கள். அந்த 12 ஆண்டு எல்லை உங்கள் விமானத்துக்கு எவ்வாறு பொருந்தும் என்பதைப் பராமரிப்பு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.

வாங்கும் முன் செய்யும் பரிசோதனையை, இதுவரை அந்த விமானத்தைத் தொடாத பராமரிப்பு நிறுவனம் ஒன்றிடம் ஒப்படையுங்கள். சிலிண்டர் ஒவ்வொன்றின் அழுத்தச் சோதனை, சிறு துளை வழியே உள்ளே பார்க்க உதவும் போரோஸ்கோப் கொண்டு வால்வுகளையும் உட்சுவரையும் பார்த்தல், எண்ணெய் வடிகட்டியை வெட்டித் திறந்து துகள் தேடுதல் ஆகிய மூன்றும் தவிர்க்கக் கூடாதவை. உடற்பகுதியில், தரைப்பலகைகளைக் கழற்றி உள்ளே விளக்கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இறக்கையின் அடித்தண்டு உடலோடு சேரும் இடம், வால் பகுதியின் உட்புறம், பேட்டரிப் பெட்டியின் அடி ஆகியவற்றில் வெண்பொடி போன்ற அரிப்போ, பெயின்டின் கீழ் கொப்புளமோ இருந்தால் அது மேலோட்டமான குறை அன்று. செஸ்னாவில் இருக்கை நகரும் தண்டவாளங்களையும் அவற்றின் துளைகளையும் தனியே பாருங்கள். தேய்ந்த தண்டவாளத்தில் பூட்டு நழுவினால், மேலெழும் நேரத்தில் இருக்கை பின்னோக்கி ஓடும். விமானி கையிலிருக்கும் கட்டுப்பாட்டையும் சேர்த்து இழுத்துவிடுவார். இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. பைப்பரில், இறக்கைத் தண்டின் கீழ்ப்பகுதி போல்ட் துளைகளில் வெடிப்பு இருக்கிறதா என்று மின்சுழற்சோதனை செய்யும் கட்டாயம் குறிப்பிட்ட மாதிரிகளுக்கு உண்டு. உங்கள் மாதிரி அதில் அடங்குகிறதா என்று சரிபாருங்கள்.

கணக்கும் கூட்டும்

விலை ஒருமுறை கொடுப்பது. செலவு ஒவ்வொரு மாதமும் வருவது. பறக்காவிட்டாலும் விமானக் கொட்டகையான ஹேங்கரின் வாடகை, காப்பீடு, ஆண்டுப் பரிசோதனை ஆகியவை வந்தே தீரும். தென்னாப்பிரிக்காவில் இவ்வகை விமானத்துக்குக் கட்டாயப் பரிசோதனை 100 பறப்பு மணிக்கோ 12 மாதத்துக்கோ ஒருமுறை, எது முந்தியதோ அப்போது, நடக்க வேண்டும். பழைய விமானத்தில் அந்தப் பரிசோதனையின் கட்டணத்தைவிட அதில் கண்டுபிடிக்கப்படும் பழுதுகளின் செலவே பெரிது. பறக்கும் மணிக்கு எரிபொருளும் எண்ணெயும் போக, இன்ஜின் சீரமைப்புச் செலவை 2000ஆல் வகுத்து வரும் தொகையை மணிதோறும் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள்.

இந்தச் சுமையைத் தாங்க மூவரோ நால்வரோ சேர்ந்து வாங்குவது அறிவான வழி, அதிலும் முக்கியமான நன்மை விமானம் அடிக்கடி பறக்கும் என்பது. ஆனால் நம் குடும்பங்களில் அண்ணன் தம்பிக்குள்ளும் மைத்துனர்களுக்குள்ளும் எழுத்தில்லாமல் பங்கு போடும் பழக்கம் உண்டு. விமானத்தில் அது வேண்டாம். யார் எந்த வாரயிறுதியில் பறப்பது, விபத்து நேர்ந்தால், காப்பீடு தராமல் நாமே கட்ட வேண்டிய முதல் தொகையை யார் ஏற்பது, ஒருவர் விலகினால் அவர் பங்கின் விலையை எப்படிக் கணக்கிடுவது, பழுது என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் அதை மீறிப் பறக்கலாமா என்பவற்றை ஒப்பந்தமாக எழுதுங்கள். கடைசிக் கேள்விக்கு ஒரே விடைதான் இருக்க முடியும்: கூடாது.

எதைப் பொருத்துவது

பழைய விமானத்துக்குப் பணம் செலவிடும்போது பளபளக்கும் திரைகளில் மனம் போவது இயல்பு. என் வரிசை வேறு. முதலில் தோள்பட்டை வார். 1970களின் பிற்பகுதிக்கு முன் செய்யப்பட்ட பல விமானங்களில் இடுப்பு வார் மட்டுமே உண்டு. மெதுவான வேகத்தில் நடக்கும் விபத்தில் உயிரைக் காப்பது, தலை கருவிப்பலகையில் மோதாமல் தடுக்கும் இந்த வார்தான். அடுத்து, கார்பன் மோனாக்சைடைக் கண்டுபிடித்து ஒலியெழுப்பும் சிறு கருவி. குளிர்காலத்தில் மேட்டுநிலத்துக்குப் பறக்கையில் ஹீட்டரைத் திறப்போம். அந்தச் சூடு புகைபோக்கியைச் சுற்றி, அதன் உறைக்குள் வரும் காற்றிலிருந்து கிடைப்பது. புகைபோக்கியில் வெடிப்பு இருந்தால் மணமற்ற நஞ்சு கேபினுக்குள் வரும்.

மூன்றாவதாக, 406 மெகாஹெர்ட்ஸ் அவசர ஒலிபரப்பி. பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் சமிக்ஞையைச் செயற்கைக்கோள்கள் கேட்பது 2009 பிப்ரவரியிலேயே நின்றுவிட்டது. கருவியை உங்கள் பெயரில் பதிவு செய்வதையும் மறக்காதீர்கள். இவற்றுக்குப் பிறகு, நான்கு சிலிண்டர்களின் வெப்பத்தையும் வெளியேறும் புகையின் வெப்பத்தையும் காட்டும் இன்ஜின் கண்காணிப்புக் கருவி. அதன் பிறகு, ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரும் நல்ல வானொலியும். வரைபடத்துக்குக் கையடக்க டேப்லெட் போதும். பொருத்தும் எதுவும் அங்கீகரிக்கப்பட்டதாகவும், பதிவேட்டில் எழுதப்பட்டதாகவும், எடைக் கணக்கில் சேர்க்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். புதியது பொருத்தும் நாளில், பயனற்றுக் கிடக்கும் பழைய வயர்களைக் கழற்றச் சொல்லுங்கள். ஐம்பது ஆண்டு வயரின் உறை விரலால் தொட்டாலே உதிரும்.

உப்புக்கு எதிராக

டர்பனின் வர்ஜினியா விமான நிலையம் கடலை ஒட்டியது. அங்கு விமானம் வைப்பவர் ஹேங்கர் கிடைக்கும்வரை காத்திருந்தாவது கூரையின் கீழ் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவுங்கள். இறக்கையின் அடிப்புறமும் சக்கரத்தண்டும் கீல்களும் மறக்கப்படும் இடங்கள். உட்கூட்டில் அரிப்புத் தடுப்பு எண்ணெயைப் பராமரிப்பு நிறுவனத்தைக் கொண்டு தெளிக்கச் செய்யுங்கள்.

இன்ஜினுக்குச் சிறந்த மருந்து பறப்பதே. எண்ணெயின் வெப்பம் ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸை எட்டி, அந்த நிலையில் அரைமணி நேரமாவது நீடித்தால்தான் உள்ளே சேர்ந்த நீர் ஆவியாகி வெளியேறும். தரையில் நிறுத்தியே பத்து நிமிடம் ஓட்டுவது தீங்கே செய்யும்; எரிதலால் உண்டாகும் நீரை அது எண்ணெயில் சேர்க்கிறதே தவிரப் போக்குவதில்லை. வடிகட்டி உள்ள இன்ஜினில் 50 மணிக்கு ஒருமுறை, வெறும் வலை மட்டும் உள்ளதில் 25 மணிக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுங்கள். மணி சேராவிட்டாலும் நான்கு மாதத்தைத் தாண்ட வேண்டாம்.

கடலிலிருந்து மேட்டுக்கு

டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் செல்லும் விமானிகளில் பலர் என்3 நெடுஞ்சாலையை வழிகாட்டியாகக் கொள்வர். நல்ல வானிலையில் அது சிறந்த வழி. மேகம் தாழ்ந்த நாளிலோ அது ஒரு பொறி, ஏனெனில் மேகத்தின் அடிமட்டம் ஏறாமல் நிற்கத் தரை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டியவுடன் மேட்டில் மூடுபனி படிவது வழக்கம். மூயி ரிவரைக் கடந்து எஸ்ட்கோர்ட் பக்கம் தரை சற்று இறங்கும். ஆபத்து கடந்தது என்று மனம் தளர்வது அங்கேதான். அடுத்து வான் ரீனன் கணவாயில் தரை மறுபடி எழும்பும். எனவே எந்த இடத்தில், எந்த உயரத்துக்குக் கீழே மேகம் வந்தால் திரும்புவது என்பதைப் புறப்படுமுன் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் ஓரிபி நிலையத்தில் இறங்கிக் காத்திருப்பதில் எந்தக் குறைவும் இல்லை. மேற்குக் காற்று பலமாக வீசும் நாளில் டிராக்கன்ஸ்பர்க் மலைகளின் இந்தப் பக்கம் கீழிறங்கும் காற்றும் சுழலும் கடுமையாக இருக்கும். சிறு இன்ஜின் அதை வென்று ஏறாது.

திரும்பும் பயணத்தில்தான் பெரிய ஆபத்து. ஜோஹன்னஸ்பர்க் பக்கம் உள்ள ராண்ட் விமான நிலையத்தின் உயரம் ஏறத்தாழ 5,500 அடி. கணக்குக்கு அடிப்படையாகக் கொள்ளும் திட்ட வளிமண்டலத்தில் அந்த உயரத்தின் வெப்பம் 4 டிகிரி. கோடைப் பிற்பகலில் 30 டிகிரி இருந்தால் வேறுபாடு 26. டிகிரிக்கு 120 அடி வீதம் கூட்டினால் விமானம் உணரும் உயரம் 8,600 அடியை எட்டும். 150 குதிரைத்திறன் இன்ஜின் அங்கே ஏறத்தாழ 110தான் தரும். எரிபொருளும் காற்றும் சேர்ந்த கலவையை, எரிபொருள் மிகும்படி முழுதும் செறிவாக வைத்து மேலெழுந்தால் அதுவும் கிடைக்காது. கடல் மட்டத்தில் பழகிய கை இதை மறந்துவிடும். ஓடுபாதையில் ஏறுமுன், இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை முழுதும் திறந்து, சுழற்சி எண் உச்சம் தொடும்வரை கலவையைக் குறைத்து, பிறகு சற்றே செறிவாக்குங்கள். காற்றுவேகமானி வழக்கமான எண்ணையே காட்டும், ஆனால் தரையின் மேல் உண்மையான வேகம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு கூடியிருக்கும்; ஓட்டம் நீளும். ஓடுபாதையின் பாதியில், மேலெழும் வேகத்தின் 70 சதவீதம் வராவிட்டால் த்ராட்டிலை மூடி நிறுத்துங்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை மேட்டுநிலத்தில் பிற்பகல் இடிமழை வழக்கம் என்பதால், அங்கிருந்து காலையிலேயே புறப்படுவது இரண்டு சிக்கல்களையும் ஒருசேரக் குறைக்கும்.

எடையைக் குடும்பத்தாருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். செரோக்கி 140இன் உச்ச எடை 975 கிலோ. வெற்றெடை 590 என்று கொண்டால் மிஞ்சுவது 385. இரு தொட்டிகளும் நிறைந்த 189 லிட்டர் பெட்ரோலுக்கு 136 கிலோ போகும்; மீதமுள்ள 249 கிலோவில் பெரியவர் மூவர் ஏறலாம். நான்கு இருக்கை இருப்பதால் தாத்தாவையும் சித்தியையும் சேர்த்து ஏற்றிவிடலாம் என்பது சரியன்று, அதுவும் ராண்டில், மதியத்தில். செரோக்கியில் இரு தொட்டிகளையும் ஒருசேரத் திறக்கும் நிலை கிடையாது. அரைமணிக்கு ஒருமுறை தொட்டி மாற்றும் பழக்கம் வேண்டும். பழைய எரிபொருள்மானியை நம்பாமல் அளவுகோல் விட்டுப் பார்த்து, ஒரு மணி நேர எரிபொருள் மிச்சமிருக்கத் தரையிறங்குங்கள்.

கடற்கரைக்குத் திரும்பி இறங்கும்போது எரிபொருளைக் காற்றோடு கலக்கும் கார்ப்புரேட்டரில் ஈரக்காற்று பனியாக உறையும். வெளியே 20 டிகிரி இருக்கும்போதும் இது நேரும். த்ராட்டிலைக் குறைக்குமுன் கார்ப்புரேட்டருக்குச் சூடான காற்றைத் திறக்கும் பிடியை முழுதும் இழுங்கள். உருகிய நீர் உள்ளே போகையில் இன்ஜின் சில நொடிகள் தடுமாறும். அஞ்சித் திரும்ப மூடிவிட்டால் பனி அப்படியே நிற்கும். ஏப்ரல் முதல் டிசம்பர் வரையிலான வெட்டுக் காலத்தில் டோங்காட், ஸ்டேங்கர் பக்கம் கரும்புத் தோட்டங்களைக் கொளுத்தும் புகை, காலையில் தாழப் படிந்து பார்வையை மறைக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இன்ஜின் நின்று கட்டாயமாக இறங்க நேர்ந்தால், ஓங்கி வளர்ந்த கரும்பு மேலிருந்து மெத்தென்று தோன்றினாலும் அதைத் தவிர்த்து, வெட்டி முடித்த வயலையோ தோட்டங்களுக்கிடையே உள்ள வண்டிப் பாதையையோ தேர்ந்து, வரிசையின் போக்கிலேயே இறங்குங்கள். வளர்ந்த கரும்பு சக்கரங்களைப் பிடித்து விமானத்தைக் குப்புறத் தள்ளும். வர்ஜினியாவில் மேலெழுந்தவுடன் நின்றால் ஓடுபாதைக்குத் திரும்ப முயல வேண்டாம். தாழ்வில் திரும்புகையில் வேகம் குன்றி இறக்கை தூக்குவிசையை இழப்பதே பலரைக் கொன்றது. ஒரு பக்கம் எம்4 நெடுஞ்சாலையும் வீடுகளும், மறுபக்கம் கடற்கரையும் கடலும் இருப்பதால், எந்தப் பக்கம் போவது என்பதை ஓடுபாதையில் நிற்கும்போதே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். உயிர்காக்கும் மேலங்கிகள் பின்னிருக்கையில் அல்ல, உடலில் இருக்க வேண்டும்.

தரையிறங்கிய பிறகு, எவ்வளவு சிறிய குறையாக இருந்தாலும் அன்றே விமானத்தின் பறப்புக் குறிப்பேடான ஃப்ளைட் ஃபோலியோவில் எழுதுங்கள். தீப்பொறி தரும் இரு மேக்னெட்டோக்களில் ஒன்றைச் சோதிக்கையில் சுழற்சி எண் சற்றே அதிகம் இறங்கியது, எண்ணெய் அரை லிட்டர் கூடுதலாகத் தீர்ந்தது, இடது பிரேக் இளகியிருந்தது என்று எழுதப்பட்டவை அடுத்த பரிசோதனையில் மெக்கானிக் தேட வேண்டிய இடத்தைக் காட்டும். அடுத்து அந்த விமானத்தை எடுக்கும் பங்குதாரரும் அவற்றைப் படித்த பிறகே சாவியைத் தொட வேண்டும்.