வெக்டர் புரிஞ்சிருக்கான்னு பார்க்கணுமா, முதல்ல நம்பரை எடுத்துடுங்க

பினாங்குல ஃபார்ம் 5 பிள்ளைங்களுக்கு பிசிக்ஸ் டியூஷன் எடுக்கறவங்க இதை ஒருதடவை செஞ்சு பாருங்க. 3 நியூட்டன், 4 நியூட்டன்னு ரெண்டு விசை, நடுவுல செங்கோணம், கூட்டினா எவ்வளவுன்னு கேட்டா உடனே பித்தாகரஸ் போட்டு 5னு எழுதிடுவாங்க, ஆனா அதுல வெக்டர் (விசை மாதிரி அளவோட திசையும் இருக்கற ஒன்னு) புரிஞ்சுதான்னு நமக்கு ஒன்னும் தெரியாது.

அதுக்குப் பதிலா கட்டம் இல்லாத வெள்ளைத்தாள்ல, ஒரே புள்ளியில ஆரம்பிக்கற ரெண்டு அம்புக்குறி மட்டும் போட்டு, கூட்டி வரையச் சொல்லுங்க. சில பிள்ளைங்க ரெண்டு முனையையும் இணைச்சு ஒரு கோடு போடுவாங்க, அது கூட்டல் இல்ல, கழித்தலோட விடை, சில பேர் நீளம் வேற வேறயா இருந்தாலும் கோணத்துக்கு சரியா நடுவுல அம்பு போடுவாங்க. இந்த ரெண்டும் வேற வேற குழப்பம், ரெண்டுக்கும் ஒரே விளக்கம் கொடுத்தா வேலைக்கு ஆகாது.

அப்புறம் அதே 3, 4 கொடுத்து கோணத்தை மட்டும் சொல்லாம, கூட்டினா அதிகபட்சம் எவ்வளவு வரும், குறைஞ்சது எவ்வளவுன்னு கேளுங்க. 7, 1னு சொல்லி, எப்போ அப்படி வரும்னும் சொல்லிட்டா அந்தப் பிள்ளைக்கு நல்லாவே புரிஞ்சிருக்கு.

பட்டர்வொர்த்துல இருந்து ஜார்ஜ்டவுன் போற ஃபெரியையும் கேக்கலாம். ஃபெரி மேற்கே போகுது, நீரோட்டம் வடக்கே தள்ளுது, நேரா ஜெட்டிக்குப் போக கேப்டன் எந்தப் பக்கம் திருப்பணும்? வெறும் அம்புக்குறி வரைஞ்சே பதில் சொல்லணும், கால்குலேட்டர் வேணாம். எஸ்டிபிஎம் (ஃபார்ம் 6) பிள்ளைங்கன்னா டாட் ப்ராடக்ட் (ரெண்டு வெக்டரைப் பெருக்கி ஒரு எண்ணா எடுக்கறது) எப்போ நெகட்டிவ் ஆகும்னு கேட்டுப் பாருங்க, ஃபார்முலா சொல்லாம கோணத்தை வச்சு விளக்கச் சொல்லுங்க.