குளச்சல் போரைப் பலகைக்குக் கொண்டுவருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊரான குளச்சலின் வெற்றித்தூணைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் போரின் கதையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1741 ஆகஸ்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பணிந்தது. சிறைப்பட்ட டச்சுப் படை அதிகாரி டிலனாய் பின்னாளில் அதே மன்னரின் படையைப் பயிற்றுவித்து ‘வலிய கப்பித்தான்’ ஆனார். இந்தப் போரை முதன்முதலாகப் பலகை விளையாட்டாக அமைத்தபோது, நடந்ததை நடந்தபடியே காட்டிவிட வேண்டும் என்ற பக்தி எனக்கு இருந்தது. எட்டாவது சுற்றில் டச்சுக்காரர் சரணடைய வேண்டும் என்று விதியே எழுதிவிட்டேன். டச்சுப் பக்கம் ஆடிய தக்கலைப் பையன் மூன்றாவது சுற்றிலேயே பகடையை மேசைமேல் வைத்துவிட்டு, “எட்டாம் சுற்றில் நான் தோற்றாக வேண்டும் என்றால், இப்போது நான் என்ன செய்தால்தான் என்ன அண்ணா?” என்று கேட்டான். அவன் கேட்டது முழுக்க நியாயம்.

முடிவைக் கட்டாயமாக்குவதுதான் முதல் தவறு. அதில் வரலாறும் கெடுகிறது, ஆட்டமும் கெடுகிறது. அந்த ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் குளச்சலில் முடங்கிக் கிடந்த டச்சுத் தளபதிக்குத் தான் தோற்கப் போவது தெரியாது. கொச்சியிலிருந்து உதவி வருமா, கையிலிருக்கும் அரிசி எத்தனை நாள் வரும் என்பதே அவர் கவலை. அந்தக் கவலையை ஆடுகிறவர் மனத்தில் உண்டாக்கிவிட்டால் வரலாற்றுக்கு உண்மையாக இருக்கிறோம். பகடை உருண்டு வேறு முடிவு வந்தால் வரட்டும்.

அடுத்த தவறு, ‘நியாயமான ஆட்டம்’ என்ற பெயரில் இரண்டு பக்கத்துக்கும் சமமான படையைக் கொடுப்பது. நம் திண்ணைகளில் கரியால் கோடு கிழித்து ஆடிய ஆடுபுலி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். புலி வெட்டி ஜெயிக்கும், ஆடு வழியடைத்து ஜெயிக்கும். எண்ணிக்கையிலும் வெல்லும் வழியிலும் ஒற்றுமையே இல்லை. ஆனாலும் ஆட்டத்தின் விறுவிறுப்பு குறைந்ததில்லை. குளச்சலும் அப்படித்தான். டச்சுப் பக்கத்தில் பயிற்சியும் துப்பாக்கியும் உண்டு, ஆள் குறைவு, சோறும் எண்ணி வைத்தது. திருவிதாங்கூர்ப் பக்கத்தில் சொந்த மண்ணும் ஆள்பலமும் உண்டு. ஆகவே வெற்றியை இரண்டு அளவுகோல்களால் அளக்க வேண்டும். டச்சுக்காரர் மன்னரின் தலைநகரான கல்குளத்தைப் பிடித்தால் முழு வெற்றி; ஆயுதத்தோடு கப்பல் ஏறித் தப்பினால் அதுவும் வெற்றிக்கணக்கில் சேரும். மன்னருக்கு எதிரியை விரட்டினால் மட்டும் போதாது. கடல் அமைதியாகி உதவிக் கப்பல் வருவதற்குள் அவர்களைப் பணிய வைக்க வேண்டும்.

பருவமழை விஷயத்தில் தவறாதவர்களைக் காண்பது அரிது. ‘மழை பெய்தால் எல்லாக் காய்களும் பாதித் தூரமே நகரும்’ என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுகிறார்கள். ஆடி மாதக் கடலைக் குளச்சலில் நின்று பார்த்தவருக்கு அது போதாது என்று தெரியும். 1741-இல் தென்மேற்குப் பருவக்காற்று டச்சுக்காரரின் கடல்வழி உதவிக்கே பெரும் தடையாக நின்றது. அதனால் மழையை இரு பக்கத்துக்கும் பொதுவான தண்டனையாக்காமல், ஒரு பக்கத்தின் கடிகாரமாக்குங்கள். ஒவ்வொரு சுற்றிலும் டச்சு ஆட்டக்காரர் கடலுக்காக ஒரு பகடை உருட்டட்டும். தொடக்கத்தில் ஆறு விழுந்தால்தான் கப்பல். சுற்றுகள் ஏற ஏற ஐந்தும் போதும், பிறகு நான்கும் போதும். அந்த ஒரு பகடையை இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள்.

எவ்வளவு நுணுக்கம் சேர்க்கலாம் என்பதற்கு நான் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்கிறேன்: இந்தத் துல்லியத்துக்கு ஆடுகிறவர் என்ன விலை கொடுக்கிறார்? படத்தில் ‘பத்மநாபபுரம்’ என்பதற்குப் பதிலாக ‘கல்குளம்’ என்று எழுத ஒரு நொடிகூட ஆகாது. பத்மநாபபுரம் என்ற பெயர் போருக்குப் பிறகு வந்தது; வட்டத்தின் பெயராகக் கல்குளம் இன்றும் இருக்கிறது. இப்படி விலையில்லாத துல்லியத்தை ஒருபோதும் விடக்கூடாது. இன்றைய வரைபடத்தை அப்படியே நகலெடுப்பவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். 1906-இல் கட்டி முடிந்த பேச்சிப்பாறை அணையின் கால்வாய்களையும், 19-ஆம் நூற்றாண்டில் வெட்டிய அனந்தவிக்டோரியா மார்த்தாண்டன் கால்வாயையும் 1741-இன் படத்தில் வரைந்துவிடுகிறார்கள். கால்வாய் இருந்தால் படை நகரும் வழி மாறும், ஆட்டமே மாறிவிடும். உதயகிரிக் கோட்டையும் அப்படித்தான். புலியூர்க்குறிச்சியில் இன்று நாம் பார்க்கும் வலிமையான கற்சுவர்கள் டிலனாய் திருவிதாங்கூர்ப் பணிக்கு வந்தபின் எழுந்தவை. அவற்றைப் போருக்கு முன்பே நிறுத்தி வைத்தால் மன்னருக்கு இல்லாத அரணைக் கொடுத்தவர்களாவோம்.

இன்னொரு வகைத் துல்லியம் நேரத்தைத் தின்னும். துப்பாக்கியில் மருந்து கெட்டிக்கும் நேரம், ஒவ்வொரு சிப்பாயின் தோட்டாக் கணக்கு போன்றவை அந்த வகை. மன்னராக ஆடுகிறவர் தோட்டா எண்ணக்கூடாது. எண்ணினால் அவர் மன்னராக ஆடவில்லை. படைத்தலைவர் நேரில் முடிவெடுத்த விஷயங்கள் மட்டும் விதியாக இருக்கட்டும், மற்றதெல்லாம் ஒரு பகடை வீச்சுக்குள் அடங்கட்டும். பிரஷ்ய ராணுவம் 1824-இல் ஏற்றுக்கொண்ட போர் விளையாட்டு 1:8000 அளவுப் படத்தில், இரண்டு நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று நடந்தது. குளச்சலிலிருந்து கல்குளத்துக்குச் சாலை வழியே ஏறத்தாழ 13 கிலோமீட்டர். அந்த அளவில் இந்த வழியை நீட்டினால் ஒன்றரை மீட்டருக்கும் மேல் போகும், ஒரு நாள் போருக்கே நூற்றுக்கணக்கான சுற்றுகள் வேண்டும். அந்த முறையின் கணக்குச் சுமை தாங்காமல் பின்னாளில் அதே நாட்டு அதிகாரிகள் விதிகளைக் குறைத்து, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பை நம்பி ஆடினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சிக்கல், ஆடுகிறவருக்குக் கதை முன்பே தெரிந்திருப்பது. குளச்சலில் குண்டு விழுந்து வெடிமருந்து பற்றிக்கொண்டதும் டச்சுக்காரரின் அரிசிக் கிடங்கு எரிந்துபோனதும் வரலாற்றுப் பதிவுகளில் இருக்கிறது. இதை ஐந்தாம் சுற்றில் நடக்கும் என்று எழுதி வைத்தால், டச்சு ஆட்டக்காரர் நான்காம் சுற்றிலேயே அரிசியை வேறிடத்துக்கு மாற்றிவிடுவார். எழுதாமல் விட்டால் போரின் திருப்பமே போய்விடும். நான் கண்ட வழி இது. ஒரு பையில் ஒரே அளவில் பதினொரு வெள்ளை மணிகளும் ஒரு கறுப்பு மணியும் போடுங்கள். மன்னரின் பீரங்கி ஒவ்வொரு முறை சுடும்போதும் பார்க்காமல் ஒன்றை எடுக்க வேண்டும், எடுத்ததைத் திரும்பப் போடக்கூடாது. கறுப்பு மணி வந்தால் கிடங்கு எரியும். அரிசியையும் மருந்தையும் முன்பே பிரித்து வைக்க டச்சுக்காரருக்கு உரிமை உண்டு, ஆனால் காவலுக்கு ஆட்களை ஒதுக்க வேண்டும். இப்போது விபத்தும் ஒரு முடிவின் பலனாகிவிடுகிறது.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் நடந்த போரை ஆட வைக்க விரும்புகிறவர்களுக்கும் இதே தொல்லை. 1809 பிப்ரவரி 10-ஆம் தேதி, ஆங்கிலேயர் இருளில் மலையேறி வந்து அந்த அரணைக் கைப்பற்றினார்கள். இதை அறிந்த எந்த ஆட்டக்காரரும் திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பியின் படையை மலைமேல் குவித்துவிடுவார். அதனால் காவலரணில் ஆட்களை நிறுத்துவது ஆட்டம் தொடங்கும் முன்பே முடியட்டும். தாக்குகிறவர் ஏறும் இடத்தைச் சீட்டில் எழுதி மடித்து வைக்கட்டும். கணவாயா, வடக்கு மலையா, தெற்கு மலையா என்று காவலர் தவித்தால்தான் அது அந்த இரவு.

வாய்மொழிக் கதைகளை என்ன செய்வது? மரத்தடிகளை மாட்டு வண்டியில் ஏற்றிப் பீரங்கி போலக் காட்டி டச்சுக்காரரை ஏமாற்றினார்கள் என்ற கதை இங்கே பலருக்கும் தெரியும். ஆதாரம் போதாது என்று தூக்கி எறிவதும் தவறு, உறுதியான வரலாறு போல நுழைப்பதும் தவறு. மன்னரின் பீரங்கிக் காய்களைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். சில உண்மை, சில மரத்தடி. எதிரே இருப்பவர் நெருங்கி வந்தால்தான் தெரியும். விதித்தாளில் ‘இது செவிவழிக் கதை, விருப்பமிருந்தால் சேர்த்துக்கொள்ளலாம்’ என்று தெளிவாக எழுதிவிடுங்கள். எதிரியிடம் எத்தனை பீரங்கி இருக்கிறது என்று தெரியாமல் தளபதிகள் திணறியது எந்தப் போரிலும் உண்மைதான், ஆகவே இந்த விதி வரலாற்றுக்குத் துரோகம் செய்யாது.

கடைசியாக, ஒரே ஜோடியை வைத்துச் சோதித்துவிட்டு ஆட்டம் சரியாக வந்துவிட்டது என்று நம்ப வேண்டாம். பக்கம் மாற்றி ஆட விடுங்கள். குளச்சல் கதையே கேட்டிராத வெளியூர்க்காரர் இருவரையும் உட்கார வையுங்கள், நீங்கள் வாய் திறக்காதீர்கள். டச்சுப் பக்கத்தில் இருப்பவர் அரிசி இருப்பைக் குறிக்கும் வில்லைகளைத் திரும்பத் திரும்ப எண்ணத் தொடங்குகிறாரா என்று மட்டும் கவனியுங்கள். அவர் எண்ணாத சுற்றுகளைக் குறித்துக்கொண்டு, அன்றிரவே அந்தச் சுற்றுகளின் விதிகளைத் திருத்துங்கள்.